அக்ரி சீட்டும் எங்க மஞ்சக்காடும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா எனக்கும் போன் வர ஆரம்பிச்சிடும். போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர். "அண்ணா, பொண்ணுக்கு மெடிக்கல் கிடைக்காது போல. கோயமுத்தூர் அக்ரியில போட்டுடலாமா? ஸ்கோப் இருக்கா?"

ஸ்கோப் இருக்கு. வேளாண்மை அலுவலர் தேர்வு, பேங்க்ல வேளாண் அதிகாரி வேலை, ரெண்டுக்கும் கேக்கறது இந்த மாதிரி பட்டம்தான். ஆனா சீட்டு லேசுல கிடைக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல நாலு வருஷப் படிப்பு. பிளஸ் டூ மார்க்கை 200-க்குக் கணக்குப் பண்ணி ரேங்க் போடறாங்க. கோயமுத்தூர், மதுரை, திருச்சி, கிள்ளிகுளம்னு பல்கலைக்கழகத்தோட சொந்தக் கல்லூரிகள் இருக்கு; இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரிகளும் இருக்கு. ஃபீஸ்ல பெரிய வித்தியாசம். கலந்தாய்வுல எது எந்த வகைன்னு பார்த்துக் குறிங்க. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைன்னா 2021 சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, விட்டுடாதீங்க.

இதெல்லாம் யார் வேணாலும் சொல்லுவாங்க. நான் சொல்ல வந்தது வேற.

கடைசி வருஷம் இந்தப் பிள்ளைகளைக் கிராமத்துல தங்கவைப்பாங்க. கிராமத் தங்கல் திட்டம். எங்க ஊருக்கும் வந்திருக்காங்க. கோயில் முன்னாடி கலர் கோலப்பொடியில ஊர் வரைபடம் போடுவாங்க. உப்புத் தண்ணியில முட்டையை மிதக்கவிட்டு, அதுல விதைநெல்லைக் கொட்டிப் பதர் பிரிச்சுக் காட்டுவாங்க. எங்க பெரியம்மா, "இதுக்கா கண்ணு நாலு வருசம்?"னு கேட்டதுக்கு ஒரு பையன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. அவன் கடைசி வரைக்கும் போனும் கையுமா திண்ணையிலயே இருந்தான். டைரியில என் கையெழுத்து மட்டும் வேணும். போட்டுக் கொடுத்தேன். வேற என்ன பண்றது?

அதே குழுவுல ஒரு பொண்ணு. சென்னை அபார்ட்மென்ட்ல வளர்ந்தது. முத நாளே வரப்புல வழுக்கி விழுந்து, எந்திரிச்சு சிரிச்சுது. ஐப்பசி மழை. என் மஞ்சள்ல ஓரமா இலை மஞ்சளாகி நின்னுச்சு. நான் உரம் பத்தலைன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு மண்ணைக் கிளறி ஒரு கிழங்கை எடுத்து அமுக்கிப் பார்த்து, "கிழங்கு அழுகல் அண்ணா, தண்ணி நிக்குது. மொதல்ல வடிய விடுங்க"ன்னுச்சு. அன்னைக்கே வடிகால் வெட்டினோம். ஓரத்துல போனது போக மீதிக் காடு தப்பிச்சுது.

ரெண்டு பேருமே நல்ல கட்-ஆஃப்லதான் உள்ள போயிருப்பாங்க. பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருத்தன் மாட்டோட நடையைப் பார்த்தே சீக்கு சொல்லுவான். கட்-ஆஃப் கொஞ்சம் குறைஞ்சதுல சொந்தக் கல்லூரியில இடம் கிடைக்கல. தனியார் ஃபீஸ் கட்ட வழியில்லாம இப்ப வேற ஏதோ டிகிரி படிக்கிறான். ரேங்க் லிஸ்ட்ல இதுக்கெல்லாம் காலம் கிடையாது. அதனால, மெடிக்கல் கிடைக்கிற வரைக்கும் ஒரு இடத்தைப் பிடிச்சு வைப்போம்னு வர்றவங்க மேல எனக்குக் கொஞ்சம் கோவம் உண்டு. பிடிச்சு வந்து, அப்புறம் பேங்க் வேலைக்குப் போனா எனக்கு வருத்தமே இல்ல. நாளைக்கு எங்க லோன் பேப்பரைப் பார்க்கிறவங்களுக்கு மஞ்சள் எத்தனை மாசப் பயிர்னாவது தெரிஞ்சிருக்கும்.

நண்பர்கிட்ட, பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை வாங்கன்னு சொல்லியிருக்கேன். நாத்துப் பறிக்கிறோம். பொண்ணு மட்டும் இறங்கினாப் போதும், அவரு வரப்புல உக்காந்துக்கலாம்.