பின்னால் வருபவரை எண்ணிக் கட்டுக

இருவர் மட்டுமே அமரத்தக்க சிறு மோட்டார் வண்டி ஒன்று. அதற்குத் துணிக் கூரை. வெயிலுக்கும் மழைக்கும் விரித்துக்கொள்ளலாம், காற்று வேண்டின் மடித்துவிடலாம். அவ்வண்டியின் முதுகிலே இரண்டு துவிச்சக்கர வண்டிகள் கட்டப்பட்டிருக்கின்றன. இத்தகைய படம் ஒன்றை மாணவர் ஒருவர் அண்மையில் வகுப்பிற்குக் கொண்டுவந்தார். கண்டு நகைத்தோர் பலர். அவரோ நகைக்கவில்லை. "சேர், ஆள் இருக்கவே இடம் போதாத வண்டியில் இரண்டு சைக்கிளை எப்படி ஏற்றினார்கள்? வழியில் விழுந்துவிடாதா?" என்று வினவினார்.

நல்ல வினா. நமது சம்மாந்துறையில் இத்தகைய விளையாட்டு மோட்டார் வண்டியைக் காண்பது அரிது. ஆயினும் சிறிய வண்டியில் பெரிய பொருளைக் கொண்டுசெல்லும் தொல்லை நமக்குப் புதியதா? நெல் மூட்டையைப் பின் கரியரில் வைத்து அழுத்தி மிதிப்பவரையும், முச்சக்கர வண்டிக்கு வெளியே நீளக் குழாய்கள் எட்டிப் பார்ப்பதையும், வைக்கோல் மலையின் கீழே மறைந்து ஊரும் கைபிடி உழவு இயந்திரத்தையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். வண்டி வேறு, சுமை வேறு, அவற்றை ஆளும் விதி ஒன்றே. ஆகவே அந்தப் படத்தையே பாடமாகக் கொள்வோம்.

முதலில் ஓர் உறவு முறையை அறிதல் வேண்டும். மோட்டார் வண்டி மேலது, துவிச்சக்கர வண்டி கீழது என்று எண்ணுவோர் பலர். வரலாறு வேறு சொல்கிறது. 1885 ஆம் ஆண்டில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர், ஒத்த அளவான இரு சில்லுகளும் சங்கிலியும் கொண்ட 'ரோவர்' துவிச்சக்கர வண்டியை உருவாக்கினார். இன்று நாம் மிதிக்கும் வண்டியின் மூதாதை அதுவே. பின்னர் அந்த ரோவர் நிறுவனமே மோட்டார் வண்டிகளைச் செய்தது. ட்ரயம்ப், ஹம்பர், சிங்கர் ஆகிய நிறுவனங்களின் கதையும் இதுவே. 1888 ஆம் ஆண்டில் டன்லொப் காற்றடைத்த டயரைச் செய்ததும் தம் மகனது சிறு முச்சில்லு மிதிவண்டிக்காகத்தான்; மோட்டார் வண்டிக்காக அன்று.

வில்லியம் மொரிஸ் என்பாரின் கதை இன்னும் சுவையானது. 1877 இல் பிறந்த இவர், பள்ளிப் படிப்பை இளமையிலேயே நிறுத்தி, ஒக்ஸ்போர்ட் நகரில் துவிச்சக்கர வண்டிகளைத் திருத்தும் தொழிலைச் சிறு முதலுடன் தொடங்கினார். 1913 இல் தமது முதல் மோட்டார் வண்டியை வெளியிட்டார். நம் நாட்டு வீதிகளில் பலரும் பேணிக் காத்துவரும் மொரிஸ் மைனர் வண்டி அவரது பெயரைத் தாங்கியதே. 1948 இல் வெளிவந்த அவ்வண்டி பதினாறு இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. மடிக்கும் கூரையுடைய வகையும் அதில் உண்டு. அவருடைய 'மொரிஸ் கராஜஸ்' என்னும் பட்டறையின் முதலெழுத்துக்களே 'எம்.ஜி.' என்று ஆகி, திறந்த விளையாட்டு வண்டிகளின் பெயராக உலகெங்கும் பரவின. எனவே இருவர் அமரும் சிறு மோட்டார் வண்டி துவிச்சக்கர வண்டியைத் தூக்கிச் செல்லும்போது, பெற்ற தாயை மகன் சுமந்து செல்கிறான் என்று கொள்வதே பொருந்தும்.

இனி, எப்படிச் சுமப்பது என்பதைப் பார்ப்போம். பெரிய மோட்டார் வண்டிக்கு இரும்புக் கூரை உண்டு. அதன்மேல் சட்டம் பொருத்திச் சைக்கிளை நிறுத்தலாம். துணிக் கூரையோ தன்னைத் தாங்கவே பிறர் உதவியை நாடுவது. ஆகவே பின்புறமே கதி. அங்குள்ள பெட்டி மூடியின்மீது இறப்பர் அணை வைத்த வளைகுழாய்ச் சட்டம் ஒன்றைச் சாய்த்து, கொளுக்கிகளாலும் நாடாக்களாலும் மூடியின் விளிம்புகளில் இழுத்துக் கட்டுவார்கள். சட்டத்தின் கைகளில் சைக்கிள்கள் தொங்கும். மூடி மெல்லிய தகடு. அது பாரத்தைத் தாங்கும் உறுப்பன்று. பாரம் விளிம்புகளின் வழியே வண்டியின் உடலுக்குச் சென்று சேரவேண்டும். கொளுக்கி பிடிக்கும் இடம் தவறினால் தகடு நெளியும்; நாடா தளரும்.

மற்றொரு முறை, காற்றை வெளியேற்றி ஒட்டிக்கொள்ளும் இறப்பர்க் கிண்ணங்கள். இதை விஞ்ஞான மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறத்தாழ ஒரு கிலோ பாரத்தின் அளவிற்கு அழுத்துகிறது. 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு ஏறத்தாழ 177 சதுர சென்ரிமீற்றர். முற்றிலும் காற்று நீங்கிவிடுமாயின் அந்த ஒரு கிண்ணத்தைப் பிடுங்க 180 கிலோவுக்குச் சமமான இழுவிசை வேண்டும். வியப்பன்றோ! ஆனால் ஒரு மணல் துகள் இடையில் நுழைந்தால் காற்றும் கூடவே நுழையும். கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். கடற்கரை மணல் காற்றோடு பறக்கும் நமது பகுதியில் துடைத்துத் துடைத்துத்தான் அதை ஒட்டவேண்டும்.

அடுத்தது நெம்புகோல் விதி. இதைக் கற்க ஆய்வுகூடம் செல்ல வேண்டியதில்லை. இவ்வூர் வயல்களுக்கு நெடுங்காலம் வண்டி கட்டிய காக்கா ஒருவர் நம்மிடம் சொன்னது இது: "முன்பாரம் கூடினால் மாடு படுத்துவிடும், மாஸ்டர். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும். அச்சுக்கு நேரே ஏற்ற வேண்டும்." ஆர்க்கிமிடீசு சொன்னதும் இதனினும் வேறன்று.

சிறு மோட்டார் வண்டிக்கு இதைப் பொருத்துவோம். 1989 இல் வெளிவந்து, 2016 இல் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய மஸ்தா எம்.எக்ஸ். 5 என்னும் திறந்த வண்டியை எடுத்துக்கொள்க. முன்னச்சிற்கும் பின்னச்சிற்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 2.3 மீற்றர். இரண்டு சைக்கிள்களின் மொத்தப் பாரம் 30 கிலோ. அவை பின்னச்சிற்கு ஒரு மீற்றர் பின்னே தொங்குகின்றன என்க. அப்போது முன் சில்லுகள் தாங்கும் பாரம் 13 கிலோ குறையும். பின் சில்லுகள்மீது 43 கிலோ கூடும். ஏற்றியது 30, பின்னச்சு உணர்வது 43! ஆயிரம் கிலோ அளவுள்ள வண்டிக்கு இது பெரிதன்று. ஆனால் கரியரின் கடைசியில் மூட்டையைக் கட்டி மிதிப்பவரின் முன் சில்லு ஏன் தரையில் நிலைகொள்ளாமல் அலைகிறது என்பதற்கு விடை இங்கே கிடைத்துவிடுகிறது. மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளிக் கட்டினாலே கைபிடி அடங்கும்.

காற்றையும் மறத்தல் ஆகாது. வேகம் இரு மடங்காயின் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீற்றரில் அசையாதிருந்த கட்டு 80 இல் துடிக்கத் தொடங்கும். ஆகவே முன் சில்லு சுழலாதவாறும் கைபிடி திரும்பாதவாறும் தனித்தனியே கட்டவேண்டும். சைக்கிள் டயர் மோட்டாரின் புகைக்குழாய்க்கு நேரே தொங்குமாயின் சூட்டில் உருகிவிடும்; அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் இறங்கி, கட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அறிவுடைமை. கயிறு முதற் சில மைல்களிலேதான் தன் உண்மையான நீளத்தைக் காட்டும்.

இவற்றையெல்லாம் ஏட்டில் படியாமலே செய்து காட்டுவோர் நம் கரையோரத்திலேயே இருக்கின்றனர். அக்கரைப்பற்று, திருக்கோவில் கடந்து பொத்துவிலுக்குத் தெற்கே அறுகம் குடாவிற்குச் செல்க. அலைச்சறுக்குக் காலத்தில் அங்குள்ள முச்சக்கர வண்டிகளின் தலைமேல், வண்டியின் நீளத்திற்கே வரக்கூடிய சறுக்குப் பலகைகள் கிடக்கும். முச்சக்கர வண்டியின் கூரையும் துணிதானே? பலகை துணியின்மீது கிடப்பதில்லை. துணிக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றி எழுந்த தாங்கிகளின்மீது கிடக்கிறது. தோலை விட்டு எலும்பில் கட்டவேண்டும் என்பதை அந்தச் சாரதிகள் நன்கறிவர்.

இதுவரை சொன்னவை கட்டுபவரின் நலம் பற்றியவை. அவர் தவறினால் நட்டம் பெரும்பாலும் அவருடையதே. இனிச் சொல்லப்போவதே நம் கட்டுரையின் உயிர். பின்புறத்தில் கட்டிய சுமை மூன்றை மறைக்கிறது: பின்விளக்கை, திரும்பும் குறிவிளக்கை, இலக்கத் தகட்டை. இம்மூன்றும் வண்டிக்காரருக்காக உண்டானவை அல்ல. பின்னால் வரும் முன்பின் அறியாத ஒருவருக்காக உண்டானவை. ஆதலினாலேயே பிரித்தானியா முதலிய நாடுகளில், சுமையால் இவை மறைந்தால் சுமையின் பின்னே வேறு விளக்கும் வேறு தகடும் பொருத்தவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

அறுவடைக் காலத்து இரவொன்றை நினைத்துப் பாருங்கள். காரைதீவிலிருந்து சம்மாந்துறை ஊடாக அம்பாறை செல்லும் வீதியின் இருமருங்கும் வயல். வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று முன்னே ஊர்கிறது. அதன் பின்விளக்கு வைக்கோலுக்குள் எங்கோ எரிகிறது. பின்னே, மாலை வகுப்பு முடிந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஒரு தந்தை மோட்டார் சைக்கிளில் வருகிறார். எதிரே வரும் பேரூந்தின் வெளிச்சம் அவர் கண்ணில் அடிக்கிறது. அந்த ஒரு கணத்தில் முன்னே வண்டி உண்டா இல்லையா என்று அவருக்கு யார் சொல்வது? ஒரு சிறு சிவப்பு விளக்கு சொல்லும். அதுவும் இயலாவிடின், சுமையின் கடைசியில் தொங்கவிட்ட ஒளி தெறிக்கும் சிவப்புத் துண்டு சொல்லும். அதன் விலை ஒரு வேளைத் தேநீர்ச் செலவை அதிகம் மீறாது. தந்தையின் உயிருக்கும் பிள்ளையின் உயிருக்கும் விலை சொல்ல யாரால் இயலும்?

சைக்கிள் மிதிக்கும் மாணவர்களுக்கும் இதுவே நமது வேண்டுகோள். கரியரில் புத்தகப் பையைக் கட்டும்போது பின்னே உள்ள சிவப்புக் கண்ணாடியை மறைக்காதீர்கள். சேலைத் தலைப்போ, அபாயாவின் ஓரமோ, பையின் நாடாவோ சில்லில் சிக்காதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியோர், பிள்ளை புறப்படும்போது உணவுப் பொதியை நினைவூட்டுவதுபோல் விளக்கையும் நினைவூட்டுங்கள்.

துவிச்சக்கர வண்டிக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்று கேட்போருக்கு 2022 ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். எரிபொருள் இன்றி நாடு தவித்த அந்த ஆண்டில், மோட்டார் வண்டிகள் எரிபொருள் நிலையங்களின் வாயிலில் நாட்கணக்கில் வரிசையாக உறங்கின. அப்போது மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எண்ணெய் கண்டு எழுந்தன. ஆசிரியரைப் பள்ளிக்கும், மருந்தை வீட்டிற்கும், அரிசியை அடுப்படிக்கும் அவையே கொண்டுசேர்த்தன. சுமந்த வண்டி ஒருநாள் சுமக்கப்படுவதும், சுமக்கப்பட்டது மறுநாள் சுமப்பதும் உலக வழக்கு.

ஆகவே மாணவரின் வினாவிற்கு நமது விடை இது: சைக்கிள் விழாது, எலும்பில் கட்டினால், வண்டி தள்ளாடாது, பாரத்தை அச்சிற்கு நெருக்கினால். இவை இரண்டும் முடிந்தபின் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. பத்து அடி பின்னே சென்று நில்லுங்கள். இருட்டில் வரும் அயலான் ஒருவனின் கண்ணால் உங்கள் வண்டியைப் பாருங்கள். விளக்குத் தெரிகிறதா? தெரிந்தால் புறப்படுங்கள்.