மூலைக்குள் வைத்த பெட்டி



துர்க்கை அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் லவுட்ஸ்பீக்கருக்குக் கலங்காத தாய் ஒருவர், மகன் வாங்கி வந்த பாட்டுப் பெட்டிக்குக் கலங்கிப்போனார். 1990இல் தெல்லிப்பழையை விட்டு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னர் மீள்குடியேறியவர். "பிள்ளை, அது காதால வரேல்லை. நெஞ்சுக்குள்ள இடிக்குது. தூரத்தில ஷெல் விழுற மாதிரிக் கிடக்கு" என்றார். மகனோ, "நான் குறைச்சுத்தான் வைக்கிறன் அக்கா, அம்மா சும்மா சொல்லுறா" என்றான்.

இருவர் சொன்னதும் உண்மைதான். நான் சமூகவியல் படித்தவள். பௌதிகம் எனக்குத் தூரம். எனவே அதைப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன்.

கோயிலில் கட்டும் புனல் வடிவக் குழாயில் 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த ஒலி மிகக் குறைவு. வீட்டுப் பெட்டியில் அதுதான் அதிகம். உயர்ந்த ஒலி பெரும்பாலும் முன்னோக்கிப் போகும். தாழ்ந்த ஒலியோ பெட்டியைச் சுற்றி நாலா பக்கமும் பரவும். பின்னால் சுவர் இருந்தால் அதில் பட்டுத் திரும்பி, முன்னால் போவதுடன் சேர்ந்துகொள்ளும். இப்படி ஒரு சுவர் ஒலியழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும், அதாவது 6 டெசிபெல் வரை கூட்டும். மூலையில் இரு சுவர்களும் நிலமும் சேர்கின்றன. மகன் வைத்திருந்தது அங்கேதான்! பொத்தானைக் குறைத்தாலும் மூலை கூட்டிக் கொடுத்துவிடும்.

பெட்டியில் ஒரு துவாரமும் இருந்தது. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் 'பூம்' என்கிறதல்லவா? அதே போல, உள்ளே அடைபட்ட காற்றும் துவாரத்துக் காற்றும் சேர்ந்து அதிர்ந்து தாழ்ந்த ஒலியைப் பெருக்கும். அறையும் அப்படி ஒரு பொந்துதான். 10 அடி நீள அறையில், செக்கனுக்கு ஏறக்குறைய 57 தடவை அதிரும் ஒலி இரு அந்தங்களிலும் உள்ள சுவரோரங்களில் பலமாகவும் நடுவில் மிக மெலிதாகவும் கேட்கும். அந்தப் புது வீட்டில் சீமெந்துச் சுவரும் வெறும் நிலமும் தவிர, சத்தத்தை உறிஞ்ச மெத்தையோ தடித்த திரைச்சீலையோ இல்லை. (வீட்டுத்திட்டக் காசில் யார்தான் மெத்தை வாங்குவது!) மகன் நின்று கேட்பது அறையின் நடுவில். தாயின் பாய் கிடப்பது சுவரோரம்.

மூலையிலிருந்து பெட்டியை எடுத்து, நீளச் சுவரின் நடுப்பகுதிக்கு நேரே, சுவரிலிருந்து மூன்று அடி தள்கி ஸ்டூலில் வைக்கச் சொன்னேன். துவாரத்தில் பழைய துணியைச் சுருட்டி மெல்லச் செருகினோம். சூடு வெளியேறும் சிறு துளைகளை மூடக்கூடாது, கவனம். அதே பாட்டு, அதே பொத்தான் அளவு. இடிப்பு நன்றாகக் குறைந்தது. மகனே வியந்துபோய், "இப்பதான் பாட்டுச் சொல்லு விளங்குது" என்றான்.

பெட்டியை நகர்த்தியதால் தாயின் பயம் முழுவதும் போய்விடாது. சத்தத்துக்கு உடல் நடுங்கினால், நித்திரை வராவிட்டால், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போகலாம். அடுத்த கிழமை அவரும் நானும் போகிறோம்.

பாயையும் நடுவுக்கு இழுப்போமா என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை. வாசல் தெரியிற இடத்திலதான் எனக்கு நித்திரை வரும்" என்றார்.