‘கேஸ் கம்மியா இருக்கு சார்!’ - பழைய கார் ஏ.சி.க்கு டாப்-அப் மட்டும் போதுமா?

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்ததும் கார் ஏ.சி. கடைகளில் கூட்டம் கூடிவிடும். பத்து வருஷம் ஓடிய ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐ10, அப்பா ஓட்டிய ஆல்டோ என எந்த வண்டியாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்.” அரை மணி நேரத்தில் ஜில்லென்று காற்று வரும். அடுத்த பங்குனியிலும் அதே கடை, அதே பதில்.

இந்த டாப்-அப் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்கிறேன். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. கம்ப்ரஸர் அதை அழுத்தி அனுப்புகிறது. முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்ரேட்டரில் ஆவியாகும்போது கேபின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு, மறுபடியும் கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. மூடிய சுற்று. ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் சீல் வழியாக மிக மெதுவாகக் கொஞ்சம் கசியும். அதனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டி வந்தால் அது இயல்பு. வருஷா வருஷம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இன்னொரு விஷயம், கூலிங் குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. கொஞ்சம் கவனித்தால் வண்டியே சொல்லிவிடும். பிளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்று மெதுவாகத்தான் வருகிறதா? கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லாமல் கழற்றிவிடலாம். தூசியும் காய்ந்த இலையுமாக அடைத்துக் கிடந்தால், சில நூறு ரூபாயில் புதுசு போட்டால் முடிந்தது. சில விலை குறைந்த மாடல்களில் ஃபில்டருக்கான இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. அப்படியானால் அந்தத் தூசியெல்லாம் நேரே எவாப்ரேட்டரில் போய்ப் படிந்திருக்கும். அதைச் சுத்தம் பண்ணாமல் எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் காற்று சூடாகிறதா? கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கும்; நின்றால் ஃபேன்தான் கதி. கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பூச்சியும் சேறும் அப்பியிருந்தாலும் இதே பிரச்சினை வரும். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் போதும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடிக்க விடாதீர்கள், தகடுகள் மடங்கிவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு கண்டென்சரை அரிக்கும் என்பதால், அங்கே கசிவு தேட ஆரம்பிக்க வேண்டிய இடமும் அதுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். ஹோஸ் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவுக்கு அது நல்ல துப்பு. காரணம், கம்ப்ரஸருக்கான எண்ணெயும் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே ஓட்டினால் ஒருநாள் எண்ணெய் இல்லாமல் கம்ப்ரஸர் சிக்கிக்கொள்ளும். செலவு அப்போது நூறுகளில் நிற்காது, பல ஆயிரங்களுக்குப் போய்விடும்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. “அண்ணே, சீக்கிரம் கேஸ் போட்டு விடுங்க, ஆபீஸ் போகணும்” என்று அவசரப்படுத்துவது நாம்தானே? நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்க நேரம் பிடிக்கும், கூலியும் ஆகும். அதைக் கேட்டால் ‘தீட்டப் பார்க்கிறான்’ என்று அடுத்த கடைக்குப் போகிறோம். வேலை தெரிந்தவருக்குக் கூலி கொடுக்க யோசிக்கிறவரை, நமக்குக் கிடைப்பது டாப்-அப்தான்.

பர்ஸைத் தாண்டியும் இதில் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான பழைய கார்களில் இருப்பது ஆர்-134ஏ. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை என்பதால், பழைய ஆர்-12க்குப் பதிலாக வந்தது. ஆனால், 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ பூமியைச் சூடாக்கும் அளவு, சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். சின்ன காரில் இருக்கும் 400 கிராம் முழுதும் கசிந்தால், ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோலை எரித்த மாதிரி. இந்த வகை வாயுக்களைக் குறைப்பதற்காக 2016இல் உருவான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2032 முதல் இவற்றின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்த முறை கடைக்குப் போனால் முதலில் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு மிச்ச கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் இழுத்தெடுத்து, வேக்கம் போட்டு, எடை பார்த்து ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் ஏற்ற வேண்டும் என்பது வழக்கமாக பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும். கூடுதலாக ஏற்றினாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் சுமை. ‘எக்ஸ்ட்ராவா போட்டிருக்கேன் சார்’ என்றால் சந்தோஷப்படாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் உண்டு. இறங்குவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னால் ஏ.சி. பட்டனை மட்டும் அணைத்துவிட்டு பிளோயரை ஓட விட்டால் எவாப்ரேட்டர் ஈரம் காயும், பூஞ்சை வாடை குறையும். மார்கழிக் குளிரிலும் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட விடுங்கள். எண்ணெய் சுற்றி வந்தால்தான் சீல்கள் காயாமல் இருக்கும். பில்லில் தேதியோடு, எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று எழுதி வாங்கி க்ளவ் பாக்ஸில் போட்டு வையுங்கள். அடுத்த வருஷம் யாராவது ‘கேஸ் கம்மி’ என்றால், அந்த பில்லை எடுத்து நீட்டலாம்.