உப்பிட்டவரை உள்ளளவும் திட்டு!

முதலில் ஒரு வாக்குமூலம். போன குளிர்காலத்தில் ஒரு ஆச்சி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதற்கு அடியேனும் ஒரு காரணம்.

டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் ஒரு பேஸ்மென்ட்டில் குடியிருக்கிறேன். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பனி அள்ளுவதும் உப்புப் போடுவதும் என் தலையில். வீட்டுக்கார அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, உப்பைக் கொஞ்சம் கூடவாப் போடும், ஒருத்தரும் விழக்கூடாது" என்பார். நானோ மதுரைக்காரன். ஐஸ் என்றால் சர்பத் கடையில் பார்த்ததோடு சரி. மாங்காய்க்குப் போடுகிற மாதிரி அள்ளி அள்ளிக் கொட்டினேன்.

அன்று பகலில் 3 டிகிரி. கூரைப் பனி உருகி, டவுன்ஸ்பவுட் என்கிற கூரைத் தண்ணீர்க் குழாய் வழியாக நேராக ட்ரைவ்வேயில் கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அதன் மேலேயே உப்பைப் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று தூங்கப் போய்விட்டேன். இரவு மைனஸ் 12. காலையில் கோயிலுக்குக் கிளம்பிய ஆச்சி, காருக்குப் போகும் வழியில் விழுந்தார். அண்ணா "எல்லாம் விதி" என்றார். விதி இல்லை அண்ணா, சரிவு!

விஷயம் சிம்பிள். உப்பு ஐஸை ஒழிப்பதில்லை. தண்ணீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது, அவ்வளவுதான். உருகிய ஐஸ் தண்ணீராக அங்கேயேதான் நிற்கும். மேலே குழாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் உப்புக் கரைசல் நீர்த்துப்போகும், அல்லது அடித்துக்கொண்டு போய்விடும். மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதாரண கல் உப்பு ஏறக்குறைய வேலையே செய்யாது. அதாவது நாம் எந்த ராத்திரிக்குப் பயந்து போடுகிறோமோ, அந்த ராத்திரிதான் அது கைவிடும்.

கைவிட்ட உப்பு எங்கே போகிறது? தெருவோர மழைநீர் வடிகாலுக்கு. அங்கிருந்து ஹைலண்ட் க்ரீக் ஓடைக்கு, அப்புறம் ஒன்டாரியோ ஏரிக்கு. டொராண்டோ குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். வழக்கமான நீர்ச் சுத்திகரிப்பு எதுவும் குளோரைடை எடுக்காது. நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகால அளவில் லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடுதான் வரம்பு என்கிறது கனடாவின் 2011 வழிகாட்டுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 6 கிராம், அதில் குளோரைடு 3.6 கிராம். 30 லிட்டர் நல்ல தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோக ஒரே டீஸ்பூன் போதும். நான் கொட்டியது டீஸ்பூன் கணக்கிலா?

"பேசாம இருப்பா, யாராவது விழுந்து கேஸ் போட்டா நீயா கட்டுவே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். ஒன்டாரியோவில் 2021 முதல், பனியில் விழுந்தவர் பொதுவாக 60 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். அவ்வளவு வழக்கு. ஆனால் ஆச்சி விழுந்தது உப்புக் குறைந்ததால் இல்லையே! உப்பு நிறைய இருந்தது. தண்ணீர் போக வழிதான் இல்லை.

இன்னொரு கூத்து. கனமழையில் சாக்கடை நிரம்பி பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறுகிறது என்று, கூரைக் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரிப்பதை 2011, 2013, 2016 என்று மூன்று கட்டமாக டொராண்டோ நகரம் கட்டாயமாக்கியது. பேஸ்மென்ட் வாசி என்ற முறையில் கும்பிடு போடுகிறேன். ஆனால் எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் குழாயை வெட்டியவர்கள் அதன் வாயை ட்ரைவ்வே பக்கமே திருப்பி வைத்திருக்கிறார்கள். அப்புறம் குளிர்காலம் முழுக்க அந்த ஐஸோடு சண்டை!

உப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கடைசி வேலை, முதல் வேலை இல்லை. முதலில் குழாய் வாயில் ஒரு நீட்டிப்பு மாட்டி, சரிவு பார்த்துப் புல்தரைக்குத் திருப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள். அள்ளிய பனியை ட்ரைவ்வேயின் மேட்டுப் பக்கம் குவிக்காதீர்கள். பகலில் உருகித் திரும்ப உங்களிடமே வரும். பள்ளத்துப் பக்கம் குவியுங்கள், ஆனால் தெருவில் தள்ளக் கூடாது. கார் டயர் ஏறி அழுத்துவதற்கு முன்பே அள்ளிவிடுங்கள். கடுங்குளிரில் பிடிமானத்துக்கு மணல் தூவுங்கள். அதற்கு எந்த டிகிரியும் ஒன்றுதான். இவ்வளவுக்குப் பிறகும் மெல்லிய ஐஸ் மிச்சமிருந்தால் உப்பு. 20 அடி ட்ரைவ்வேக்கு ஒரு காபி மக் அளவு போதும்.

ஆச்சி விழுந்த மறுவாரம் அண்ணாவும் நானும் சேர்ந்து குழாயைத் திருப்பினோம். அரை மணி நேர வேலை. அன்றைக்குப் பாதியில் விட்ட உப்பு மூட்டை இன்னும் கராஜில் அப்படியே இருக்கிறது. ஆச்சிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, கோயிலுக்குப் போகிறார். ஆனால் வெயில் காலத்திலும் படியிறங்கும் முன் ஒரு தடவை நின்று தரையைப் பார்க்கிறார்.

முதல் பனி விழுவதற்குள் போய் உங்கள் வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.