அமோனியா மூளையைத் தாக்குமா? 'நட்சத்திர செல்கள்' செய்யும் வேலை என்ன?

பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, எண்ணூர் பெரியகுப்பம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, தனியார் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறலோடு மீனவ மக்கள் வீட்டை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

மூளைக்கு ஆபத்தா?

நம் உடலிலேயே தினமும் அமோனியா உருவாகுது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றும். அதையும் மீறி மூளைக்கு வருவதை, 'ஆஸ்ட்ரோசைட்' எனும் நட்சத்திர வடிவ செல்கள் குளூட்டமைனாக மாற்றிவிடும். கல்லீரல் செயலிழந்தால் இவற்றுக்குச் சுமை கூடி வீங்கும். குழப்பம், மயக்கம் வரும்.

வாயுக் கசிவில் கதை வேறு. தண்ணீரில் சட்டெனக் கரையும் அமோனியா, ஈரமான கண், தொண்டை, நுரையீரலைத்தான் முதலில் தாக்கும்.

அப்போ என்ன செய்யணும்?

உடனே அங்கிருந்து விலகணும். கண்ணை நல்ல தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும். இருமல், மூச்சிரைப்பு இருந்தால் தாமதிக்காம மருத்துவமனைக்குப் போகணும்.