சொந்த ருசியும் சொந்த கவுண்டரும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு 40 கிலோமீட்டர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. கடை போர்டுகளில் எழுத்து மாறும், மற்றபடி அதே லாரிகள், அதே தூசி, அதே டிராஃபிக். சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சம்பளம் வந்த வாரக் கடைசியில் இந்தப் பாதையில் பெங்களூருக்குக் கிளம்புகிறார்கள். துணி எடுக்க, படம் பார்க்க, நண்பர்களைச் சந்திக்க என்று காரணங்கள் பல. அதில் ஒன்று, அங்கேயே தயாரித்து அங்கேயே கிளாஸில் ஊற்றித் தரும் பியர். கர்நாடகப் பக்கம் இப்படிப்பட்ட மைக்ரோ பிரூவரிகள் டஜன் கணக்கில் வளர்ந்துவிட்டன. தமிழ்நாட்டுப் பக்கம் அப்படி ஒரு தொழிலே உருவாகவில்லை. ஏன்?

பதிலுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. குடியால் நாசமான குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, அதை மறைத்து எழுதுவது அயோக்கியத்தனம். இங்கே பேச்சு ஒரு சின்னத் தொழிலைப் பற்றி. "உனக்குப் பிடித்த ருசியை விட்டுக்கொடுக்காதே, வெற்றி தானாக வரும்" என்று அந்தத் தொழிலில் அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பற்றி.

பியர் எப்படி உண்டாகிறது என்று புரிய வெளிநாடு போக வேண்டாம். நம்மூர் வீடுகளில் ராகியை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்க விட்டு, காயவைத்து அரைத்து குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள் இல்லையா? அந்த முளைகட்டும் வேலைதான் மால்டிங். ராகிக்குப் பதில் பார்லி, அவ்வளவுதான். முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் என்சைம்கள், பின்னால் அதை வெந்நீரில் ஊறவைக்கும்போது மாவுச்சத்தை சர்க்கரையாக்கும். அந்த இனிப்புத் தண்ணீரை ஹாப்ஸ் என்ற கொடியின் பூவோடு கொதிக்க வைத்து (கசப்பும் வாசனையும் அதிலிருந்துதான்), ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விட்டால் பியர். பெரிய கம்பெனியும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. ஆனால் அதன் குறிக்கோள், கோடிக்கணக்கான பாட்டில்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், யாருக்கும் பிடிக்காமல் போகக்கூடாது என்பது. சின்ன ஆலைக்காரர் தனக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு, அதே ருசி பிடித்த நாலு பேரைத் தேடுகிறார்.

இந்த வகையில் எல்லோரும் சொல்லும் கதை அமெரிக்காவின் கென் கிராஸ்மன் கதை. கலிபோர்னியாவில் சிக்கோ என்ற சிறிய ஊர். வீட்டில் பியர் தயாரிப்பவர்களுக்கு சாமான் விற்கும் கடை வைத்திருந்தவர் அவர். பால் பண்ணைகளிலிருந்து கழித்துக்கட்டிய தொட்டிகளையும் பழைய இரும்பையும் சேர்த்து ஆலை கட்டி, 1980-ல் சியரா நெவாடா என்ற பெயரில் தயாரிப்பைத் தொடங்கினார். அப்போது அமெரிக்கச் சந்தை முழுக்க லேசான, தண்ணீர் போன்ற லாகர் வகைகள். இவருக்குப் பிடித்ததோ ஹாப்ஸ் வாசனை தூக்கலான பேல் ஏல். நினைத்த ருசி ஒரே சீராக வரும்வரை பத்து பேட்ச் போலக் கீழே கொட்டினார். கையில் பணமில்லாத காலத்தில் பத்து பேட்ச்! பின்னால் அந்த பேல் ஏல்தான் அமெரிக்க கிராஃப்ட் பியரின் அடையாளமாக ஆனது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்பவர்கள் ஒரு பாதியை விட்டுவிடுகிறார்கள். கிராஸ்மன் கொட்டியது போக மிஞ்சியதை சிக்கோவின் கடைகளுக்கும் பார்களுக்கும் தானே கொண்டுபோய் விற்க முடிந்தது. சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. குடித்தவன் என்ன சொன்னான் என்று அடுத்த வாரமே காதில் விழும் தூரத்தில் இருந்தார் அவர். பிடிவாதம் பாதி, அந்தத் தூரம் பாதி.

இப்போது அத்திப்பள்ளியைத் தாண்டிப் போகலாம். அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது வீட்டிலேயே பியர் தயாரித்துப் பழகிய நாராயண் மனேபள்ளி, கூட்டாளிகளோடு பெங்களூரில் கெய்ஸ்ட் என்ற பிராண்டைத் தொடங்கினார். ருசி கையில் இருந்தது, தயாரிக்கத்தான் இடமில்லை. அதனால் பெல்ஜியத்தில் தயாரித்து இங்கே இறக்குமதி செய்தார்கள். பெங்களூர்க்காரர்கள் பெங்களூர்க்காரர்களுக்காக உருவாக்கிய பியர், சுங்கவரி கட்டி கடல் தாண்டி வந்தது! சொந்த ஊரில், பழைய மெட்ராஸ் சாலையில், ஆலை அமைந்தது 2010-களின் பிற்பகுதியில்தான்.

நடுவில் மாறியது என்ன? கர்நாடக அரசு மைக்ரோ பிரூவரிக்கென்று தனி லைசென்ஸ் கொண்டுவந்தது. கர்நாடகத்திலும் மதுவின் மொத்த வியாபாரம் அரசு நிறுவனத்தின் கையில்தான். ஆனால் இவர்கள் தயாரித்த இடத்திலேயே நேரடியாக விற்கலாம் என்று விட்டார்கள். 2011-ல் பியர் கிளப் வந்தது. அருண் ஜார்ஜ், சிபி வெங்கடராஜு, முகேஷ் தோலானி மூவரும் 2010-ல் இந்திராநகரில் தொடங்கிய டாய்ட், ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2012-ல் மிச்சிகனின் ஆர்பர் பிரூயிங் கம்பெனி, அங்கே படித்த கௌரவ் சிக்கா மூலம் பெங்களூரில் கிளை திறந்தது. கிங்ஃபிஷர் பிறந்த ஊரில், நாக்கைச் சுருக்க வைக்கும் ஐ.பி.ஏ. வகையை 'ரேஜிங் எலிஃபண்ட்' என்று பெயர் வைத்து விற்கத் துணிவது லேசான விஷயம் அல்ல. டாய்ட்டோ பாஸ்மதி அரிசி போட்டு ஒரு பியர் செய்தது. இதையெல்லாம் எந்த மார்க்கெட் சர்வேயும் கேட்டிருக்காது.

ருசியில் பிடிவாதத்துக்கு விலை உண்டு, அதைக் கணக்கிடவும் முடியும். மைக்ரோ பிரூவரியில் பெரிய செலவு டேங்க். ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோதுமை பியர் சுமார் இரண்டு வாரத்தில் தயார், வருடத்துக்கு 26 முறை டேங்க் காலியாகும். ஒழுங்கான லாகர் குளிரில் பொறுமையாக முதிர வேண்டும். ஐந்து வாரம் என்றால் வருடத்துக்கு 10 முறைதான். அதே டேங்க், அதே வாடகை, அதே கரண்ட் பில், ஆனால் ஒன்றில் 26,000 லிட்டர், இன்னொன்றில் 10,000 லிட்டர். பெங்களூரில் எந்த பிரூவரிக்குப் போனாலும் கோதுமை பியர் முன்னால் நிற்பதற்கு ருசி மட்டும் காரணமல்ல! லாகர்தான் பிடிக்கும் என்று அடம்பிடிப்பவர், கிளாஸுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் வாடிக்கையாளரை வைத்திருக்க வேண்டும். அந்த வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் ஏன் கூடுதல் விலை என்று அவருக்குச் சொல்லவே முடியும்.

இதற்கு ஓசூரிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, பியரில் அல்ல, கடிகாரத்தில். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம் டைட்டன். நாட்டில் எச்.எம்.டி.யின் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் கோலோச்சிய நேரத்தில், அதை நடத்திய ஜெர்க்ஸஸ் தேசாய் குவார்ட்ஸும் அழகான வடிவமைப்பும்தான் என்று நின்றார். ஆனால் ரசனை மட்டும் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. 1987-ல் பெங்களூர் சஃபீனா பிளாசாவில் சொந்த ஷோரூம் திறந்தார்கள். பழைய கடிகாரக் கடைக்காரரின் கண்ணாடி அலமாரிக்குள் பத்தோடு பதினொன்றாகக் கிடக்காமல், வாங்குபவர் முன்னால் தாங்களே எடுத்து வைத்தார்கள். 2002-ல் வெறும் 3.5 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டன் எட்ஜ் வந்தபோது, அதைக் கையில் கட்டிப் பார்க்க இடம் தயாராக இருந்தது. சொந்த ருசிக்கு சொந்த கவுண்டர். பெங்களூர் பிரூவரிக்காரர்களிடம் இருப்பதும் அதுதான்.

ஓசூரில் ஒருவர் பியர் ஆலை கட்டினால் அந்த கவுண்டர் கிடைக்காது. தமிழ்நாட்டில் மதுவின் மொத்த வியாபாரம் 1983 முதல் டாஸ்மாக்கிடம். 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளும் அதனிடமே. ஆலைக்காரருக்கு ஒரே வாடிக்கையாளர், அதுவும் பியரைக் குடித்துப் பார்க்காத வாடிக்கையாளர். வணிகவியலில் ஒரே வாங்குபவர் இருக்கும் சந்தைக்குத் தனிப் பெயரே உண்டு. விலையை அவர் சொல்வார், எவ்வளவு எடுப்பது என்பதையும் அவர் சொல்வார். கடைசியில் குடிப்பவர் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, "கூலிங் இருக்கா?" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறார். இந்த ஏற்பாட்டில் யாருடைய ருசிக்கு உண்மையாக இருப்பது? தவிர, கிராஃப்ட் பியர் பெரும்பாலும் வடிகட்டாமல், சூடுபடுத்தாமல் தருவது. குளிரிலேயே இருக்க வேண்டும், சீக்கிரம் தீர வேண்டும். குடோனில் அடுக்கி வைக்கிற சரக்கு அல்ல அது.

சரி, அத்திப்பள்ளியில் தயாரித்து ஓசூரில் விற்கலாமே என்றால், மது ஜி.எஸ்.டி.க்குள் வராது. ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு மாதிரி. லேபிள் பதிவு தனி, கட்டணம் தனி, வரி தனி. இதன் விலையை பிரா 91 கட்டியது. 2015-ல் வந்து நகரத்து இளைஞர்களிடம் நல்ல பெயர் எடுத்த பிராண்ட். அதன் தாய் நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போகும் எண்ணத்தில் தன் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற ஒரு சொல்லை எடுத்தது. உடனே மாநிலம் மாநிலமாக லேபிளை மறுபடி பதிய வேண்டி வந்தது, விற்பனை மாதக்கணக்கில் முடங்கியது, சுமார் 80 கோடி ரூபாய் சரக்கு வீணானது. 2023-24-ல் 638 கோடி வருமானத்துக்கு 748 கோடி நஷ்டம். நஷ்டம் முழுவதுக்கும் அந்த ஒரு சொல்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஏற்கனவே வேகமாக விரிந்து கடனில் இருந்த கம்பெனி அது. ஆனாலும் பாடப்புத்தகத்தில் வர வேண்டிய உதாரணம். டாய்ட் மாதிரி புனே, மும்பை என்று ஒவ்வொரு ஊரிலும் அங்கேயே தயாரித்து அங்கேயே விற்றவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

"குடியே கெடுதல், இதில் நல்ல ருசி வேறா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் விற்கிற சரக்கில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பியரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஸ்ட்ராங் வகை. ருசி என்ற கேள்வியே எழாத இடத்தில், கொடுத்த காசுக்கு எவ்வளவு போதை என்பது மட்டும்தான் கணக்கு. டாஸ்மாக் 2023-24-ல் அரசுக்குக் கொடுத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்த வருமானம் பெரும்பாலும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. மதுவிலக்கு பேசுகிறவரோடு வாதம் செய்யலாம், அவர் நிலைப்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கடை திறந்து வைத்துவிட்டு, தயாரித்த இடத்தில் உட்கார்ந்து குடிக்கும் ஐந்து சதவீத பியருக்கு மட்டும் கலாச்சாரம் பேசுவதுதான் புரியவில்லை.

செய்யக்கூடியது அதிகமில்லை. தயாரித்த இடத்தில் மட்டும் விற்க, குறைந்த எண்ணிக்கையில் லைசென்ஸ். வரி, பாட்டிலைப் பார்த்து அல்லாமல் ஆல்கஹால் அளவைப் பார்த்து. பிரிட்டன் 2023 ஆகஸ்ட் முதல் அப்படித்தான் வசூலிக்கிறது, சின்ன தயாரிப்பாளர்களுக்குச் சலுகையும் தருகிறது. நாலு சதவீத பியர் எட்டு சதவீத பியரை விடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு மலிவாக இருந்தால், குடிப்பவர்களில் சிலராவது இறங்கி வருவார்கள்.

அப்படி ஒரு லைசென்ஸ் வந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருக்குமா? இருக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விளைகிறது. ராகியிலிருந்து பியர் புதுக் கற்பனை அல்ல, சிக்கிமில் மூங்கில் குவளையில் ஊற்றிக் கொடுக்கும் தோங்பா ராகியில் செய்வதுதான். மாங்கூழ் ஆலைகளும் இங்கேதான் இருக்கின்றன, பெங்களூரில் கோடை வந்தால் மாம்பழ பியர் வராத பிரூவரிகள் குறைவு. ஆனால் ராகியில் பார்லி மாதிரி உமி இல்லை, சாறு வடிக்கும்போது மாவு அடைத்துக்கொள்ளும். பார்லியோடு எந்த அளவில் கலப்பது, எத்தனை நாள் முளைக்க விடுவது, எந்தச் சூட்டில் ஊறவைப்பது என்று பார்க்க யாராவது கிராஸ்மன் மாதிரி பத்து பேட்ச் கொட்டியாக வேண்டும். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அதை வீட்டுச் சமையலறையிலேயே செய்யலாம். இங்கே 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி, வீட்டில் ஒரு குடம் காய்ச்சினாலும் போலீஸ் கேஸ். பயோடெக்னாலஜி சொல்லித்தரும் கல்லூரிகளில் நாலைந்துக்காவது, விற்பனை இல்லாத சோதனை லைசென்ஸ் ஒன்று கொடுத்துப் பார்க்கலாம். மாணவர்கள் வீணாக்கப்போவது மாதம் இருபது கிலோ ராகி.