சிங்கம் பார்த்தீங்களா, டீச்சர்?



கென்யாவிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. மாசாய் மாராவில் எடுத்த நாலு படங்களை இங்கே போட்டதிலிருந்து போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்வி: "சிங்கம் பார்த்தீங்களா, டீச்சர்?"

பார்த்தேன். ஏழு சிங்கம். ஆறு தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று கொட்டாவி விட்டது.

ஆனால் இந்தப் பதிவு சிங்கத்தைப் பற்றியது அல்ல. உங்களில் இரண்டு பேர் அடுத்த வருஷ லீவுக்குக் குடும்பத்தோடு அங்கே போகப் போவதாகச் சொன்னீர்கள். என் தம்பி மகன் ஐந்து நாளில் நாலு பார்க் என்று ஒரு திட்டத்தை அனுப்பி, "எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்குத் தனியாகச் சொல்வதை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கடைசி பீரியடில் நெளிந்த மாதிரி நெளியாமல் படியுங்கள்.

என் கருத்து இதுதான். போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே போய் டிரைவரிடம் "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானே அதைச் சொன்னேன். சொன்னதால் என்ன ஆனது என்பதையும் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாம் நாள் காலை. மகன், மருமகள், பேத்தி, நான், எங்களோடு இன்னொரு குடும்பம். கூரையைத் தூக்கித் திறக்கிற வேன். வயர்லெஸ்ஸில் ஏதோ குரல் வந்தது. எங்கள் டிரைவர் "டூமா" என்றார். சுவாஹிலி மொழியில் டூமா என்றால் சிவிங்கிப்புலி. நம்மில் பலர் இதையும் சிறுத்தை என்றே சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். சிறுத்தை வேறு; மரம் ஏறும், உடம்பெல்லாம் பூப்பூவாக இருக்கும். சிவிங்கிக்குத் தனித்தனிப் புள்ளி. கண்ணிலிருந்து வாய் வரை மை வழிந்த மாதிரி கறுப்புக் கோடு. ஒட்டகச்சிவிங்கி என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கிற சிவிங்கி இதுதான்.

நாங்கள் போவதற்குள் அங்கே பதினாலு வண்டிகள். எண்ணாமல் இருக்க முடியுமா, முப்பத்துநாலு வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்த பழக்கம். வேட்டை விலங்கு ஒன்றைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது என்பது மாராவின் விதி. டிரைவர் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தார். நாங்களும் தலையாட்டியிருந்தோம்.

தாய்ச் சிவிங்கி புல்லுக்குள் பதுங்கியிருந்தது. பின்னால் புதரோரம் மூன்று குட்டிகள். தூரத்தில் சிறு மான்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. "வயிறு ஒட்டியிருக்கு பாருங்க, மாமா" என்றார் டிரைவர். (அந்த ஊரில் என்னைப் போன்ற பெரியவர்களை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாமா என்றால் அம்மா! என் மருமகள் அந்த வாரம் முழுக்க என்னை மாமா என்றே கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.)

பேத்திக்குத் தெரியவில்லை என்று நான்தான் ஆரம்பித்தேன். "கொஞ்சம் கிட்டே போகலாமே?" டிரைவர் தயங்கினார். பக்கத்துக் குடும்பத்துக்காரர் டிப்ஸ் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். டிரைவர் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தடத்திலிருந்து வண்டியை இறக்கினார். அப்போதாவது நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்தேன்.

எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு வண்டிகள் இறங்கின. சிவிங்கிக்கும் மான்களுக்கும் நடுவில் போய் நின்றோம். மான்கள் தலையைத் தூக்கின. அடுத்த நொடி ஒன்றுகூட இல்லை. தாய்ச் சிவிங்கி எழுந்து, மான்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

"பாட்டி, அது ஏன் ஓடலை?" என்று பேத்தி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மருமகள்தான் சொன்னாள்: "நாம நடுவுல வந்துட்டோம்டா."

அன்று மதியம் தங்கிய இடத்தில் எங்களுக்கு ஏழு வகைச் சாப்பாடு. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

சாயங்காலம் டிரைவரிடம் கேட்டேன், விதி தெரிந்தும் ஏன் போனீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை. விருந்தாளி முகம் சுளித்துப் புகார் எழுதினால் அடுத்த டிரிப் கிடைக்காது. ரேஞ்சர் பிடித்தால் அபராதம் அவர் தலையில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நாம் ஆசைப்பட்டுச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அந்த மனிதர் தன் பிழைப்பைப் பணயம் வைக்கிறார்.

இதெல்லாம் ஒரு நாள் பட்டினிதானே, பெரிதுபடுத்துகிறீர்களே என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். ஊருக்கு வந்து தேடிப் படித்ததும் அந்தச் சமாதானம் போய்விட்டது.

சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். அவற்றோடு மல்லுக்கு நிற்க முடியாத சிவிங்கி, பகலில் வேட்டையாடுகிறது. அதாவது, சரியாக நாம் கேமராவோடு சுற்றுகிற நேரத்தில். அது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். ஆனால் சில நூறு மீட்டர்தான். அதற்குள் பிடித்தால் உண்டு. பிடித்த இரையையும் பெரிய விலங்குகள் வந்து பறித்துக்கொள்ளும். குட்டிகளை வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு ஒவ்வொரு வேட்டையும் கணக்கு.

மாராவிலேயே நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் அதிகம் வரும் பகுதிகளில், ஒரு தாய்ச் சிவிங்கி ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டியைத்தான் வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் குறைவான பகுதிகளில் 2.3 குட்டி. தசமத்தில் சொன்னால் உறைக்காது. ஐந்து ஈற்றுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே ஒரே ஒரு குட்டி பிழைக்கிறது. இங்கே பதினொன்றுக்கு மேல். உலகத்தில் காட்டில் வாழும் சிவிங்கிகள் மொத்தமே சுமார் 7,000. நம் நாட்டில் 1952-ல் அற்றுப்போனதாக அறிவித்துவிட்டு, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து குனோவில் விட்டோமே, அதே விலங்குதான். இல்லாத ஊரில் அத்தனை பாடுபட்டு வளர்க்கப் பார்க்கிறோம். இருக்கிற ஊருக்குப் போய் அதன் சோற்றில் மண் போடுகிறோம்.

நாம் கெட்டவர்கள் என்பதால் இப்படி நடப்பதில்லை. காசு கொடுத்திருக்கிறோம், அதுதான் காரணம். மாராவில் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். இதுபோக விமானம், தங்குமிடம், வண்டி. இவ்வளவு செலவழித்த பிறகு, சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கியவர் மாதிரி ஆகிவிடுகிறோம். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், முன்னால் யாரும் மறைக்கக் கூடாது. கோயிலிலாவது சாமி இருந்த இடத்தில் இருக்கும்.

இதில் 'பிக் ஃபைவ்' என்று ஒரு பட்டியல் வேறு. தம்பி மகன் அனுப்பிய திட்டத்திலும் அது இருக்கிறது. சிங்கம், சிறுத்தை, யானை, ஆப்பிரிக்க எருமை, காண்டாமிருகம். இவை ஐந்தும் அழகானவை என்றோ அரியவை என்றோ யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நடந்து போய்ச் சுடுவதற்கு மிகவும் ஆபத்தானவை என்று அந்தக்கால வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது. கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. துப்பாக்கி போய் செல்போன் வந்துவிட்டது, பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"அப்படியானால் யாருமே போகாமல் இருப்பதுதானே நல்லது?" என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் பதில் 'இல்லை' என்றே நினைக்கிறேன். மாரா ரிசர்வைச் சுற்றியிருக்கும் நிலத்தில் பெரும்பகுதி மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். அதில் வேலி போடலாம், உழலாம், விற்கலாம். அப்படிச் செய்யாமல், பல குடும்பங்கள் நிலத்தைச் சேர்த்துக் 'கன்சர்வன்சி' என்று காப்பிடமாக்கி, சுற்றுலா விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள். நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி போன்றவை அப்படி உருவானவைதான். படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. நாம் யாரும் போகவில்லை என்றால் அந்தக் குத்தகைப் பணம் நின்றுவிடும். கொரோனா காலத்தில் அந்தப் பயத்தை அவர்கள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். பணம் நின்றால் வேலி வரும். வேலி வந்தால் விலங்குக்கு வழியில்லை. ஆகவே போவது தப்பில்லை. போய் நடந்துகொள்கிற விதம்தான் தப்பு.

மூன்றாம் நாள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அந்த இன்னொரு குடும்பம் கிளம்பிவிட்டது. டிரைவரிடம் சொன்னேன்: "இன்றைக்கு எதையும் தேட வேண்டாம். உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு மேட்டில் ஒற்றை மரத்தடியில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். இரண்டரை மணி நேரம் அங்கேயே இருந்தோம்.

'சவானா: உயரமான புற்கள், ஆங்காங்கே மரங்கள்' என்று உங்களுக்கு ஐந்து மதிப்பெண் விடையாக எழுதிப்போட்டேனே, அந்தப் பாடத்தை அன்றைக்குத்தான் நான் படித்தேன். முதலில் வரிக்குதிரைகள் வந்து உயரமான முரட்டுப் புல்லைக் கடித்தன. அது குட்டையான இடத்தில் வில்டபீஸ்ட் மேய்ந்தது. அதற்கும் பிறகு, அடியில் இருக்கும் இளந்தளிரைச் சிறு மான்கள் தேடித் தின்றன. ஒரே வயலில் மூன்று பந்தி. பக்கத்தில் ஒரு முள்மரம். முள்ளின் அடியில் உருண்டையாக வீங்கியிருந்தது; அதற்குள் எறும்புகள் குடியிருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கி இலையில் வாய்வைத்தால் எறும்புப்படை வந்து கடிக்கும். எறும்பு போட்ட ஓட்டை வழியாகக் காற்று போகும்போது அந்த மரம் விசிலடிக்கிறது. பேத்தி சாண வண்டு ஒன்று தன்னைவிடப் பெரிய உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதை அரை மணி நேரம் பார்த்தாள். ஊருக்கு வந்து அவள் ஸ்கூலில் சொன்ன கதை சிங்கக் கதை இல்லை, சாண வண்டுக் கதை.

அன்று டிரைவர் பேசிய பேச்சைப் பார்க்க வேண்டுமே! முந்தின நாள் வரை 'யெஸ் மாமா, நோ மாமா' என்றிருந்தவர், ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கதை சொன்னார்.

ஆகவே, போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்:

1. ஐந்து நாளில் நாலு பார்க் வேண்டாம். ஒரே இடம், நாலு நாள். மற்றதெல்லாம் ரோட்டில் போகிற நேரம்.

2. முதல் நாள் காலையிலேயே, வண்டியில் எல்லோரும் கேட்கும்படி டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்: "விதியை மீற வேண்டாம். எதுவும் பார்க்கக் கிடைக்காவிட்டாலும் உங்கள் டிப்ஸ் குறையாது." அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் பெரிய பலம்.

3. கூட்டமாக வண்டிகள் நிற்கிற இடத்தில் "நாம் அப்புறம் வரலாம்" என்று சொல்லப் பழகுங்கள். வில்டபீஸ்ட் ஆறு கடக்கும் இடத்தில் வண்டிகள் கரையை அடைத்துக்கொண்டு மந்தை இறங்கும் வழியையே மறிப்பதைப் பார்த்தேன். அந்த வரிசையில் நீங்கள் நிற்காதீர்கள்.

4. முடிந்தால் கன்சர்வன்சியில் தங்குங்கள். விலை கூடத்தான். ஒரு நாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

5. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே தனியாக அடைத்துவைத்துவிடுவார்கள். முறுக்கு, அதிரசத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கென்யாவில் பிளாஸ்டிக் பைக்கு 2017-லிருந்து தடை.

ஆப்பிரிக்கா போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் இது பொருந்தும். முதுமலைச் சாலையில் யானையைக் கண்டதும் காரை நிறுத்தி, ஹாரன் அடித்து, அது திரும்பிப் பார்ப்பதற்காகக் கை தட்டுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? சில சமயம் அந்தக் காருக்குள் நாமே இருந்ததில்லையா?

அன்று நான் எடுத்த சிவிங்கிப் படம் என் போனில் இருக்கிறது. நல்ல படம்; முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. போடுங்கள் என்று பலர் கேட்கிறீர்கள். போடப் போவதில்லை. அது எப்படி எடுத்த படம் என்று எனக்குத் தெரியும். சாண வண்டுப் படம் கீழே இருக்கிறது, பாருங்கள். பேத்தி எடுத்தது.

டேய், தம்பி மகனே, திட்டத்தை மாற்றி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஜியாகிரபி டீச்சர்